இரண்டு மாய்ஸ்சரைசர்களின் உட்பொருள் பட்டியலை ஒப்பிடுவது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டின் குளியலறை அலமாரியில் இரண்டு கிரீம்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று, இந்நாட்டில் பல வீடுகளில் காணப்படும் 500 மில்லிலிட்டர் அக்குவஸ் கிரீம் டப்பா; மற்றொன்று, மரூலா எண்ணெயும் கற்றாழையும் நிறைந்தது என்று முகப்பில் எழுதியிருக்கும் 50 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பி. என் மகளுக்குச் சிறு வயதில் கரப்பான் (எக்சிமா) என்ற தோல் நோய் வந்தபோது, குளிப்பாட்டிய பிறகு முதல் வகைக் கிரீமை அவள் கை கால்களில் தடவி அப்படியே விட்டுவிடுவேன். அவள் எரிகிறது என்று அழுவாள். நோய்தான் எரிச்சலுக்குக் காரணம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். டப்பாவின் பின்புறம் இருந்த பட்டியலை வாசிக்கத் தெரிந்திருந்தால் அவ்வளவு நாள் அவளை அழவிட்டிருக்க மாட்டேன். அந்த வாசிப்பைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

படி 1: இரண்டு பட்டியல்களையும் தாளில் எழுதுங்கள்

முகப்பில் உள்ள வாசகங்களை இப்போதைக்கு மறந்துவிட்டு, பின்புறத்திலோ அட்டைப்பெட்டியின் ஓரத்திலோ ‘இன்கிரீடியண்ட்ஸ்’ என்ற சொல்லுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலைத் தேடுங்கள். எழுத்து மிகச் சிறியதாக இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரு தாளை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இரண்டு பட்டியல்களையும் அச்சில் உள்ள அதே வரிசையில் எழுதிக்கொள்ளுங்கள். வரிசையை மாற்றிவிட்டால் இனி வரும் எந்தப் படியும் பயன்படாது.

பயிற்சிக்காக நான் எடுத்துக்கொள்ளும் முதல் கிரீம், பிரிட்டிஷ் மருந்தியல் தொகுப்பின் பழைய சூத்திரப்படி செய்யப்படும் அக்குவஸ் கிரீம். அதன் பட்டியல்: அக்வா, பெட்ரோலாட்டம், செட்டேரில் ஆல்கஹால், பாரஃபினம் லிக்விடம், ஃபீனாக்சிஎத்தனால், சோடியம் லாரில் சல்ஃபேட். இரண்டாவதாக, கடைகளில் கிடைக்கும் முகக் கிரீம்களின் போக்கில் நானே ஒரு பட்டியலை அமைத்திருக்கிறேன்: அக்வா, கிளிசரின், கேப்ரிலிக் கேப்ரிக் டிரைகிளிசரைடு, டைமெத்திகோன், நியாசினமைடு, செட்டேரில் ஆல்கஹால், ஸ்கிளிரோகாரியா பிர்ரியா விதை எண்ணெய், ஃபீனாக்சிஎத்தனால், அலோ ஃபெராக்ஸ் இலைச் சாறு, செரமைடு என்.பி., கொலஸ்டிரால், பார்ஃபம், லினலூல், லிமோனீன்.

இந்தப் பெயர்களைக் கண்டு தயங்க வேண்டாம். இவை உலகம் முழுவதும் ஒரே மாதிரியாக எழுதப்படுவதற்காக வைக்கப்பட்ட பெயர்கள். செடிகளுக்கு அவற்றின் தாவரவியல் பெயரே இடப்படும். அக்வா என்பது தண்ணீர். கோகோஸ் நியூசிஃபெரா என்பது ஆயா நம் தலையில் வைத்த தேங்காய் எண்ணெய்தான். செசமம் இண்டிகம் நல்லெண்ணெய், குர்குமா லாங்கா மஞ்சள், சாண்டலம் ஆல்பம் சந்தனம். ஸ்கிளிரோகாரியா பிர்ரியா என்பது மரூலா மரம். அலோ ஃபெராக்ஸ் என்பது தென்னாப்பிரிக்க மண்ணில் இயல்பாக வளரும் கற்றாழை.

படி 2: வரிசை எதைச் சொல்கிறது என்று பாருங்கள்

பட்டியலில் எந்தப் பொருள் அதிகம் இருக்கிறதோ அது முதலில் வரும். பிறகு அளவு குறையக் குறைய மற்றவை வரும். ஆகவே முதல் ஐந்து பெயர்களை வாசித்தாலே அந்தக் கிரீமின் உடல் எதனால் ஆனது என்பது தெரிந்துவிடும். அக்குவஸ் கிரீமின் பழைய சூத்திரத்தில் தண்ணீர் 69 சதவீதம், பெட்ரோலாட்டம் 15 சதவீதம், செட்டேரில் ஆல்கஹால் ஏறத்தாழ 8 சதவீதம், பாரஃபினம் லிக்விடம் 6 சதவீதம். ஆறே பொருள்கள் கொண்ட எளிய கிரீம் இது. அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலாக இருப்பது தண்ணீர்.

படி 3: ஒரு சதவீதக் கோட்டைக் கண்டுபிடியுங்கள்

இறங்குவரிசை விதிக்கு ஒரு விலக்கு உண்டு. ஒரு சதவீதத்திற்குக் குறைவாக உள்ள பொருள்களை நிறுவனம் தன் விருப்பப்படி எந்த வரிசையிலும் எழுதலாம். அந்த எல்லை எங்கே தொடங்குகிறது என்று லேபிள் சொல்வதில்லை. ஆனால் ஓர் அடையாளக் கல் பெரும்பாலும் கிடைக்கும். கிரீம் கெடாமல் காக்கும் ஃபீனாக்சிஎத்தனாலை ஐரோப்பிய ஒன்றிய விதி அதிகபட்சம் 1 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது. எனவே பட்டியலில் அதற்குப் பின் வருபவை ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோ என்று பெரும்பாலும் கொள்ளலாம். தாளில் அந்தப் பெயருக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள்.

இப்போது இரண்டாவது கிரீமைப் பாருங்கள். முகப்பில் பெரிய படத்துடன் இருந்த கற்றாழை கோட்டுக்குக் கீழே போய்விட்டது. மரூலா எண்ணெய் கோட்டுக்குச் சற்று மேலேதான் நிற்கிறது. கிரீமின் ஈரத்தைத் தாங்குவது கிளிசரின். படத்தில் இருக்கும் கற்றாழை அன்று. கிளிசரின் மிக நல்ல பொருள் என்பதால் இது அந்தக் கிரீமின் குறையாகிவிடாது. நாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கவலை.

கோட்டுக்குக் கீழே இருப்பவை எல்லாம் வீண் என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். நம் தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே சாந்து போல இருக்கும் கொழுப்பில் ஏறத்தாழப் பாதி செரமைடுகள்தாம். கிரீமில் அவை மிகச் சிறிய அளவில் சேர்க்கப்படுவதே வழக்கம். அதே போலத் தீங்கும் சிறிய அளவிலிருந்து வரலாம். அக்குவஸ் கிரீமின் கடைசிப் பெயரான சோடியம் லாரில் சல்ஃபேட் அதில் ஏறத்தாழ 0.9 சதவீதம்தான் இருக்கிறது. என் மகளின் எரிச்சல் அந்தக் கடைசிப் பெயரிலிருந்துதான் வந்தது.

படி 4: ஒவ்வொரு பொருளும் செய்யும் வேலையைப் பக்கத்தில் எழுதுங்கள்

மாய்ஸ்சரைசர் ஒன்றில் மூன்று வகை வேலைகள் நடக்கின்றன. முதலாவது, தண்ணீரை ஈர்த்துப் பிடிப்பது. கிளிசரின், யூரியா, சோடியம் ஹயலுரோனேட், பாந்தினால் ஆகியவை இதைச் செய்கின்றன. இரண்டாவது, மேல்தோலின் சொரசொரப்பான இடைவெளிகளை நிரப்பி மென்மையாக்குவது. விதை எண்ணெய்கள், ஷியா வெண்ணெய், டிரைகிளிசரைடுகள், செட்டேரில் ஆல்கஹால் ஆகியவை இதற்கு உதவுகின்றன. மூன்றாவது, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகாதபடி மேலே மூடி போடுவது. பெட்ரோலாட்டம், பாரஃபினம் லிக்விடம், லேனலின், டைமெத்திகோன் ஆகியவை இவ்வகை. இவற்றுள் பெட்ரோலாட்டம், அதாவது நாம் வேசலின் என்றே சொல்லிப் பழகிய பொருள், மிக வலுவான மூடி.

செட்டேரில் ஆல்கஹால் என்ற பெயரைக் கண்டு சாராயம் என்று பயந்து கிரீமைத் திருப்பி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மெழுகு போன்ற கொழுப்புப் பொருள், தோலை உலர்த்தாது. உலர்த்தக்கூடியது ‘ஆல்கஹால் டெனாட்’ என்று எழுதப்படும் வேறொரு பொருள். அது முதல் சில பெயர்களுக்குள் வந்தால் வறண்ட தோலுக்கு அந்தக் கிரீம் வேண்டாம்.

இரண்டு பத்திகளிலும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஈர்ப்பது, மென்மையாக்குவது, மூடுவது என்று எழுதிப் பாருங்கள். அக்குவஸ் கிரீமில் மூடுபவை இரண்டு இருக்கின்றன, மென்மையாக்குவது ஒன்று இருக்கிறது, ஆனால் தண்ணீரை ஈர்த்துப் பிடிக்கும் பொருள் ஒன்றுகூட இல்லை. முகக் கிரீமில் ஈர்ப்பது வலுவாக இருக்கிறது. மூடி மட்டும் டைமெத்திகோன் என்ற இலேசான மூடி. இரண்டில் எது சிறந்தது என்ற கேள்வி இந்த இடத்தில், எந்தத் தோலுக்கு எது வேண்டும் என்ற கேள்வியாக மாறிவிடுகிறது.

படி 5: எரிச்சலூட்டக்கூடியவற்றை வட்டமிடுங்கள்

சோடியம் லாரில் சல்ஃபேட், எண்ணெயையும் தண்ணீரையும் கலக்கச் செய்யும் சோப்புத் தன்மையுள்ள பொருள். அக்குவஸ் கிரீம் தேய்த்துக் கழுவிவிடுவதற்குச் சோப்புக்கு மாற்றாகப் பயன்பட்டபோது அது பெரிய தொல்லையாக இருக்கவில்லை; தடவி அப்படியே விடும்போதுதான், அதிலும் கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு, எரிச்சல் உண்டாகிறது. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் இதைக் குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. இப்பொருள் இல்லாத அக்குவஸ் கிரீம்களும் இப்போது கிடைக்கின்றன. டப்பாவின் முன்பக்கப் பெயர் ஒன்றாகவே இருக்கும் என்பதால் பின்பக்கத்தைப் பார்த்தே வாங்க வேண்டும்.

அடுத்து வாசனை. பார்ஃபம் என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருள்கள் அடங்கியிருக்கும். அதைத் தொடர்ந்து வரும் லினலூல், லிமோனீன், ஜெரானியால், சிட்ரொனெல்லால் போன்ற பெயர்கள், சிலருக்கு ஒவ்வாமை தரக்கூடியவை என்பதால் ஐரோப்பிய விதிப்படி தனியாகக் குறிப்பிடப்படுபவை. இவை பூக்களிலும் எலுமிச்சைத் தோலிலும் இயற்கையாகவே இருப்பவை என்பதையும் நினைவில் வையுங்கள். இயற்கை என்ற சொல் ஒவ்வாமையைத் தடுக்காது. இறுதியாக, மெத்தில்ஐசோதயசோலினோன் என்ற நீண்ட பெயரைத் தேடுங்கள். கிரீம் கெடாமல் காக்கும் இப்பொருள் பலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கியதால், தடவி அப்படியே விடும் கிரீம்களில் அதைச் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் தடை செய்திருக்கிறது. நம் இரண்டு பட்டியல்களிலும் அது இல்லை.

படி 6: நிறத்தை மாற்றுவதாகச் சொல்லும் கிரீமா என்று பாருங்கள்

இந்தப் படியை நம் வீட்டுப் பெண்கள் யாரும் தாண்டிச் செல்லக் கூடாது என்று விரும்புகிறேன். மாநிறத்தைக் குறையாகப் பேசும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. கல்யாணப் பேச்சு தொடங்கியதும் பெண்ணின் கையில் ஒரு குப்பியைக் கொடுத்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்கா இதன் விலையை நன்றாக அறிந்த நாடு. ஹைட்ரோகுவினோன் கலந்த கிரீம்களை நெடுநாள் பூசிய பெண்களின் முகத்தில் நீலங்கலந்த கருமை படிந்து போனதை இந்நாட்டுத் தோல் மருத்துவர்கள் 1975-இலேயே பதிவு செய்தார்கள். 1990-இல் அழகுப் பொருள்களில் ஹைட்ரோகுவினோன் இங்கே தடை செய்யப்பட்டது. ஆனாலும் சட்டத்துக்குப் புறம்பான கிரீம்கள் சந்தைகளிலும் தெருவோரங்களிலும் இன்றும் விற்கப்படுகின்றன.

பட்டியலில் ஹைட்ரோகுவினோன், பாதரசத்தைக் குறிக்கும் கேலோமெல் அல்லது மெர்குரி என்று தொடங்கும் எந்தப் பெயரும், க்ளோபெட்டசோல், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் ஒப்பீட்டை அங்கேயே நிறுத்திவிட்டு அந்தக் கிரீமை ஒதுக்குங்கள். ஸ்டீராய்டு மருந்துக்கு மருத்துவர் சொன்ன அளவும் காலமும் வேண்டும். அது தினமும் பூசும் மாய்ஸ்சரைசர் அன்று. உட்பொருள் பட்டியலே இல்லாத குப்பியையும் இதே கணக்கில் சேருங்கள். நியாசினமைடு இவற்றிலிருந்து வேறுபட்டது. அது ஒரு வைட்டமின் வகை. தோலின் தடுப்பை வலுப்படுத்த உதவுவதால் நம் இரண்டாவது பட்டியலில் அது இருப்பது நல்லதே.

படி 7: ஊரையும் விலையையும் கணக்கில் சேருங்கள்

சனவரி மாத டர்பனில் காற்றே ஈரமாக இருக்கும். அப்போது பெட்ரோலாட்டம் மிகுந்த கிரீமைப் பகலில் முகத்தில் பூசினால் பிசுபிசுப்புதான் மிஞ்சும். கிளிசரினும் டைமெத்திகோனும் உள்ள இலேசான கிரீம் போதும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பது; அங்கே சூன், சூலை மாதக் குளிர்காலம் மிக வறண்டது. ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியா பகுதியில் இருக்கும் என் அத்தைக்கு அந்த மாதங்களில் குதிகால் வெடித்துவிடும். அவருக்கு முகக் கிரீமின் இலேசான மூடி போதாது; 10 சதவீத யூரியா உள்ள கிரீமைக் குதிகாலில் பூசி, அதன் மேல் வேசலின் தடவிக் காலுறை அணியச் சொன்னேன். யூரியா வெடிப்பில் சற்று எரியக்கூடும் என்பதால், இரத்தம் கசியும் வெடிப்பு ஆறிய பிறகே அதைத் தொடங்க வேண்டும்.

விலையை டப்பாவுக்கு டப்பா ஒப்பிடாமல் 100 மில்லிலிட்டருக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். 500 மில்லிலிட்டர் டப்பா 60 ராண்டு என்றும் 50 மில்லிலிட்டர் குப்பி 200 ராண்டு என்றும் வைத்துக்கொண்டால், முதலாவது 100 மில்லிலிட்டருக்கு 12 ராண்டு, இரண்டாவது 400 ராண்டு. உடல் முழுவதும் பூச இரண்டாவதை வாங்குவது கட்டுப்படியாகாது. முகத்துக்கு மட்டும் என்றால் யோசிக்கலாம்.

படி 8: தேர்ந்தெடுத்ததைத் தோலில் சோதியுங்கள்

தாளில் வென்ற கிரீம் உங்கள் தோலுக்கு ஒத்துவருமா என்பதைப் பட்டியல் சொல்லாது. முழங்கையின் உள்பக்கத்தில் ஒரு சிறு காசளவு இடத்தில் நாளுக்கு இரண்டு முறை, ஏழு முதல் பத்து நாள் வரை தடவிப் பாருங்கள். சிவப்பு, அரிப்பு, தடிப்பு எதுவும் வராவிட்டால் முகத்துக்குக் கொண்டு செல்லலாம். வந்தால் உடனே கழுவிவிட்டு, அந்தப் பட்டியல் எழுதிய தாளைப் பத்திரமாக வையுங்கள். இரண்டாவது முறை வேறொரு கிரீம் ஒவ்வாமல் போகும்போது, இரு தாள்களிலும் பொதுவாக இருக்கும் பெயர்கள் சிலவாகக் குறைந்திருக்கும். தோல் மருத்துவரிடம் செல்லும்போது அந்தத் தாள்களையும் எடுத்துச் செல்லுங்கள். என் மகளுக்கு இப்போது பூசும் கிரீமில் கிளிசரின் இரண்டாவதாகவும் பெட்ரோலாட்டம் மூன்றாவதாகவும் இருக்கின்றன. பார்ஃபம் இல்லை, சோடியம் லாரில் சல்ஃபேட்டும் இல்லை. புதிய டப்பா வாங்கும் ஒவ்வொரு முறையும், சூத்திரம் மாறியிருக்கிறதா என்று கடையிலேயே நின்று பழைய தாளுடன் அவளே ஒப்பிட்டுப் பார்க்கிறாள்.