வாயைப் பார்த்து வாசிக்கும் பிள்ளைகள்: நான் சரிசெய்த விதம்

யூகேஜி பிள்ளைகள் ஐந்தாறு பேரை வட்டமாக உட்காரவைத்து வாசிக்கச் சொன்னால், ஒருத்தி வாசிப்பாள். மற்றவர்கள் அவள் வாயைப் பார்த்துப் பின்பாட்டுப் பாடுவார்கள். புத்தகத்தில் கண்ணே இருக்காது. வேலூரில் என் வகுப்பில் இதை மாற்றியது இப்படித்தான்.

குழுவுக்கு நாலு பேர். ஆளுக்கொரு பிரதி கட்டாயம். பகிர்ந்தால் எதிரே இருக்கும் பிள்ளைக்கு எழுத்து தலைகீழாகத் தெரியும். எல்லோரையும் ஒன்றாகத் தொடங்கவிடுவதில்லை. முதல் பிள்ளை ஒரு வரி தாண்டியதும் அடுத்த பிள்ளையின் தோளைத் தட்டுவேன். ஆளுக்கொரு வரியில் இருப்பதால் கோரஸ் தானாக உடைந்துவிடும். முணுமுணுப்பாக வாசித்தால் போதும், ஒவ்வொருவர் பக்கமாகக் காதைச் சாய்த்துக் கேட்கலாம். பத்து நிமிடத்துக்கு மேல் இழுத்தால் நெளிய ஆரம்பித்துவிடுவார்கள்.

மனப்பாடமா என்று சோதிக்க, வாக்கியத்தைச் சொல் சொல்லாக வெட்டி மாற்றி அடுக்குங்கள். 'கோட்டை மேல் காகம்' என்பது 'காகம் மேல் கோட்டை' ஆனால், வாசிக்கிற பிள்ளை சிரிக்கும். ஒப்பிக்கிற பிள்ளை பழையதையே சொல்லும்.

அதிகம் திக்குவதும் 'கோ'வில்தான். கொம்பு முன்னால், கால் பின்னால். இடமிருந்து விரல் நகர்த்தும் பிள்ளை 'கே' என்று சொல்லிவிட்டு, காலை 'ர' என்று படிக்கும். மூன்றையும் சேர்த்து ஒரே வட்டம் போடுங்கள். வட்டத்துக்கு ஒரு சத்தம், ஒரு விரல்தொடல்.

அரபிப் பாடத்துக்குப் போகும் பிள்ளைகள் சிலர் வலமிருந்து தொடங்குவார்கள். திட்ட வேண்டாம், வரியின் இடது முனையில் பச்சைப் புள்ளி வைத்தால் போதும்.