மதிய இடைவேளையில் 25 நிமிட வகுப்பு

பல்கலைக்கழக அலுவலர்களுக்கு மதிய இடைவேளையில் பயிற்சி வகுப்பு நடத்த விரும்புவோர் அதை 25 நிமிடங்களுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். ஒரு மணி நேர இடைவேளையில் சாப்பாட்டுக்கும் இருக்கைக்குத் திரும்புவதற்கும் போக எஞ்சுவது ஏறக்குறைய அவ்வளவுதான். யோகாசன வகுப்பென்றால் அதைச் சாப்பாட்டுக்கு முன்பே வைத்துக்கொள்வது நல்லது. நிறைந்த வயிற்றோடு குனிந்து நிமிர்வது எவருக்கும் உகந்ததன்று.

சாப்பிட்ட பின்னர் வளாகத்து மரநிழலில் 15 நிமிடம் மிதமான வேகத்தில் நடப்பதே போதும். நடக்கும்போது தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையைப் பயன்படுத்திக்கொள்வதால், உணவுக்குப் பிறகு அது சட்டென்று ஏறுவது குறைகிறது. பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் தேவை என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஐந்து வேலை நாள்களிலும் இவ்வாறு நடந்தால் அதில் பாதி நிறைவேறிவிடும்.

கற்றல் வகுப்பில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு திறனை மட்டும், எடுத்துக்காட்டாக எக்செல்லில் இரண்டு பட்டியல்களை ஒப்பிடுவதை, கற்பித்தால் அன்றே அது கைக்கு வரும். கற்பிக்கும் திறன்களின் எண்ணிக்கை நீண்டால் கொட்டாவிதான் மிஞ்சும். தேர்வுப் பிரிவு, கட்டணப் பிரிவு ஆகியவற்றில் பணிபுரிவோர் அனைவரும் ஒரே நேரத்தில் எழுந்து வர இயலாது என்பதால், அதே வகுப்பை வேறொரு நாளிலும் நடத்த வேண்டும்.