கீழ்ப்படி பிள்ளைகளுக்கு: சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு கொலு வைப்பது எப்படி

மதுரையில் இலை உதிர்ந்தா பருவம் மாறியது தெரிகிறது? புரட்டாசியில் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், நாலு மணிக்கு மேல் இடி இடிக்கும், காலாண்டுப் பரீட்சை முடிந்த பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவார்கள். அந்த நேரம் பார்த்து நவராத்திரி வருவது யார் செய்த ஏற்பாடோ, அம்மாக்களுக்குப் பெரிய உபகாரம். கொலு வைக்கிற வீட்டில் பிள்ளைகள் கைக்கு வேலை இருந்துகொண்டே இருக்கும்.

ஆனால் மூன்று வயதும் ஆறு வயதும் ஓடியாடுகிற வீட்டில் கொலு வைத்தால் முதல் நாளே பிள்ளையாருக்குத் தும்பிக்கை போய்விடும் என்ற பயமும் உண்டு. எங்கள் வீட்டுக் கொலு என் மாமியாருடையது. கல்யாணத்துக்குச் சீராக வந்த மரப்பாச்சி ஜோடி, விளாச்சேரியில் வாங்கிய தசாவதாரம், தஞ்சாவூர்த் தலையாட்டி எல்லாம் அவர் கண்ணுக்குள் வைத்துக் காப்பவை. பத்து நாளும் "தொடாதே, தொடாதே" என்று கத்திக்கொண்டிருந்தால் அது பண்டிகையா? அதனால் வீட்டில் ஒரு பாகப்பிரிவினை செய்துகொண்டோம். மேல்படிகள் அப்பத்தாவுக்கு. கீழ்ப்படியும் அதற்கு முன்னால் இருக்கிற தரையும் பிள்ளைகளுக்கு. அங்கே அவர்கள் கையால் செய்தது மட்டும்தான் வரும். அவர்கள் வைத்ததை யாரும் நேராக்கி வைக்கவும் கூடாது.

இந்த இரண்டாவது விதிதான் கஷ்டம். கொலு பார்க்க வருகிற பெரியம்மாக்களுக்குக் கை சும்மா இருக்காது. தலைகீழாக நிற்கிற பஸ்ஸைத் திருப்பி வைத்துவிடுவார்கள். நான் வாசலிலேயே சொல்லிவிடுவேன்.

படி கட்டும்போதே

படிகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு மூன்று போதும், ஐந்து தாராளம். அதற்கு மேல் போனால் ஏறிப் பார்க்கத் தோன்றும். டிரங்குப் பெட்டி, பெஞ்சு, பலகை எதை அடுக்கினாலும் பின்பக்கம் ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். மேலே விரிக்கிற வேட்டியின் நுனி எங்கேயும் தொங்கக் கூடாது. தவழ்கிற குழந்தை அதைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கும். மொத்தக் கொலுவும் கூடவே வந்துவிடும். ஓரங்களைப் பலகைக்கு அடியில் மடித்துச் செருகி, பின்பக்கம் ஊக்கு குத்துங்கள். குத்துவிளக்கைக் கீழே வைக்காமல், பக்கத்தில் உயரமான முக்காலியில் வையுங்கள். சீரியல் பல்பு ஒயர் பிள்ளைகள் பக்கம் வரவே வேண்டாம்.

மண் பிசைவது

மகாளய அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னாலேயே மண் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் விளாச்சேரி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகப் பொம்மை செய்கிற ஊர். மதுரைக்காரர்கள் ஒரு தடவையாவது பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள். இரண்டு பாதி அச்சில் மண்ணை அமுக்கி, இரண்டையும் ஒட்டி, காயவைத்து, சுட்டு, அப்புறம் வண்ணம் பூசுவார்கள். கண் எழுதுவது கடைசியில். கொலு சீசன் முடிந்தால் அதே கைகள் கிறிஸ்துமஸ் குடிலுக்கு மாதாவும் சூசையப்பரும் செய்யும். இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு வீட்டில் மண்ணைக் கொடுத்தால் தனி உற்சாகம் வரும்.

மண்பாண்டம் செய்கிற யாரிடமாவது கேட்டு, கல் இல்லாமல் பிசைந்த களிமண் வாங்கிக்கொள்ளுங்கள். ஈரத்துணி சுற்றி மூடிவைத்தால் ஒரு வாரம் காயாமல் இருக்கும். பழைய சாக்கை விரித்து, பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர். மூன்று வயதுப் பிள்ளைக்கு வருவது மூன்றே உருவம்: உருண்டை, நீளமாக உருட்டியது, தட்டையாகத் தட்டியது. அது போதும். உருண்டை லட்டு, நீளம் வாழைப்பழம், தட்டை தோசை; ஆக ஒரு பலகாரக் கடை தயார். "பிள்ளையார் செய், யானை செய்" என்று கேட்காதீர்கள். ஆறு வயதுப் பிள்ளையாக இருந்தால் ஆள் செய்யப் பார்க்கும். காலைத் தனியாக ஒட்டினால் காய்ந்ததும் விழுந்துவிடும். பாவாடை கட்டிய பெண், வேட்டி கட்டிய தாத்தா என்று கீழே அகலமாகக் கூம்பு வடிவில் செய்யச் சொல்லுங்கள். நின்றுகொள்ளும். தலையை உடம்போடு சேர்க்க நடுவில் ஒரு துண்டு ஈர்க்குச்சி. கண்ணுக்கு மிளகு அழகாக இருக்கும். ஆனால் சின்னவன் மூக்கில் போட்டுக்கொள்கிற வயதென்றால் ஈர்க்குச்சி நுனியால் குத்திய புள்ளியே போதும்.

வெயிலில் வைத்தால் மேலே சீக்கிரம் காய்ந்து விரிசல் விடும். நிழலில், ஃபேன் இல்லாத இடத்தில் வைத்து, தினம் ஒரு தடவை புரட்டிவிடுங்கள். விரிசல் வந்தால் மண்ணைத் தண்ணீரில் குழைத்துப் பூசி விரலால் தடவலாம். பிள்ளைகளுக்கு இந்த வைத்தியம் பார்ப்பதில் பெரிய ஆசை. தொட்டுப் பார்த்தால் சில்லென்று இல்லாமல் ஆகும் வரைக்கும் காயவிட்டு அப்புறம் வண்ணம். கோலப்பொடிக் கடையில் கிடைக்கிற காவிப்பொடியைத் தண்ணீரில் கரைத்தால் சிவப்பு, மஞ்சள்தூள் மஞ்சள், அரிசிமாவுக் கரைசல் வெள்ளை. மீதிக்குப் போஸ்டர் கலர் வாங்கிக்கொள்ளலாம். சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கிறதே என்று எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், கண்ணில் பட்டால் வம்பு.

மைதாவும் உப்பும் பிசைந்து செய்கிற மாவுப் பொம்மை எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். மழைக்காலத்தில் அந்த உப்பு ஈரத்தை இழுத்துப் பிசுபிசுவென்று ஆகிவிடும். என் ஓட்டு களிமண்ணுக்குத்தான்.

காகிதக்கூழ் கிண்ணம்

இது எங்கள் அத்தை சொல்லிக்கொடுத்தது. முன்பெல்லாம் பேப்பரும் வெந்தயமும் அரைத்துப் பெரிய பெரிய கூடை செய்து வீட்டில் சாமான் போட்டுவைப்பார்கள். சின்னதாகச் செய்தால் கொலுவுக்குக் குங்குமக் கிண்ணம், கடலைத் தட்டு எல்லாம் ஆகும். பழைய தமிழ்ப் பேப்பரைக் கிழித்துப் போடுகிற வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் வீடு அமைதியாக இருக்கும். ஒரு ராத்திரி ஊறட்டும். ஒரு கைப்பிடி வெந்தயத்தைத் தனியாக ஊறவையுங்கள். மறுநாள் பேப்பரைப் பிழிந்து, வெந்தயத்தோடு சேர்த்து, பழைய மிக்ஸி ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு அரையுங்கள். வெந்தயத்தின் வழவழப்புதான் பசை. விழுது சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, மேலே ஈரத்துணியைப் போர்த்தி, விழுதை அரை விரல் கனத்துக்குத் தட்டச் சொல்லுங்கள். இதற்கு மட்டும் வெயில் வேண்டும். நாலு மணி இடி கேட்பதற்கு முன்னால் உள்ளே எடுத்துவிடுங்கள். ஓரம் காய்ந்ததும் கிண்ணத்தை உருவிவிட்டு, உள்பக்கமும் காயவிட வேண்டும். காய்ந்தால் தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். வெந்தய வாசனை கொஞ்ச நாளைக்குப் போகாது. அதனால்தான் பூச்சியும் வராது என்பார் அத்தை.

பூங்காவும் தெப்பக்குளமும்

அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு பழைய டிரேயில் இரண்டு விரல் உயரத்துக்குத் தென்னைநார்த் தூளும் மண்ணும் கலந்து பரப்புங்கள். ராத்திரி ஊறிய வெந்தயமும் கேழ்வரகும் ஒரு பக்கம், கடுகு ஒரு பக்கம். சொம்பால் தண்ணீர் ஊற்றினால் விதையெல்லாம் ஒரு மூலைக்கு ஓடிவிடும். இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரேயரைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. இரண்டு மூன்று நாளில் கடுகு முளைவிடும், கேழ்வரகு பின்னால் வந்து புல்தரையாக நிற்கும். கடுகு சீக்கிரம் சாய்ந்துவிடும் என்பதால் நாலைந்து நாள் கழித்து இன்னொரு பிடி தூவிவையுங்கள்.

குளத்துக்கு எல்லோரும் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வாத்து விடுவார்கள். எங்கள் வீட்டில் அது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். சதுரமான பேக்கிங் டிரே, நடுவில் கல்லை அடுக்கித் தீப்பெட்டியால் மைய மண்டபம், சுற்றிச் சுவருக்குச் சிவப்பும் வெள்ளையும் பட்டை. உங்கள் ஊரில் எது உண்டோ அதைச் செய்யுங்கள். தினம் பார்த்த இடத்தைத்தான் பிள்ளைகள் விவரமாகச் செய்வார்கள். தண்ணீரை மட்டும் தினமும் மாற்றிவிடுங்கள், கொசு முட்டை வைக்கிற காலம் இது.

குளத்தைச் சுற்றி எங்கள் தெரு. பேஸ்ட் டப்பாவில் டவுன் பஸ், பாட்டில் மூடியில் சக்கரம், தீப்பெட்டியில் ஷேர் ஆட்டோ, ஐஸ்குச்சியில் இஸ்திரி வண்டி. போன தடவை பெரியவள் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று செய்து வைத்தாள். ஏன் என்று கேட்டால், "இது இல்லன்னா நம்ம தெருவுல எப்படிம்மா கரண்டு போகும்?" என்றாள். ஒட்டுவதற்குக் கைப்பிடி மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசை போதும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் அதில் மயில்துத்தம் போடுவார்கள், அது விஷம். பிள்ளைகள் நக்கிப் பார்க்கிற பசையில் வேண்டாம். அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள். தெர்மாகோலும் ஜிகினாத் தூளும் நான் வாங்குவதில்லை. பொங்கல் வரைக்கும் கூட்டினாலும் தரையில் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

மரப்பாச்சி மேல்படியில்தான் இருக்கும். அதற்கு உடுப்பு தைக்கிற வேலையை மட்டும் அப்பத்தா பேத்திக்குக் கொடுத்திருக்கிறார். பழைய பட்டு ரவிக்கையின் கைத்துண்டு போதும், ஒரு புடவையும் ஒரு வேட்டியும் வந்துவிடும். கட்டையும் செம்மரம், கீழே போட்டாலும் சேதம் இல்லை.

ஒன்பது நாளும் என்ன செய்வது

சுண்டலில் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு. ராத்திரி கொண்டைக்கடலை அளந்து ஊறப்போடுவது, காலையில் எவ்வளவு பெருத்திருக்கிறது என்று பார்ப்பது, தேங்காய்ப்பூ தூவுவது. மூன்று வயதுக்காரருக்கு முழுக் கடலையைக் கொடுக்காமல் மசித்துக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை வெல்லப் புட்டு என்பதால் அன்று யாருக்கும் மசிக்க வேண்டியதில்லை.

அழைப்புக்கு வாட்ஸப்பில் படம் அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். அரைத் தாளில் பிள்ளைகள் வரைந்த சீட்டோடு, ஒருவருக்குக் கிருஷ்ணர் வேஷம் போட்டு நாலு வீட்டுக்கு அனுப்புங்கள். "எங்க வீட்டுக் கொலுவுக்கு வாங்க" என்று சொல்லத் தயங்குகிற பிள்ளைகூட மயிலிறகு வைத்துவிட்டால் சொல்லிவிடும். தாம்பூலம் கொடுக்கிற பேப்பர் பையும் அவர்கள் மடித்ததாக இருக்கட்டும்.

மீனாட்சி அம்மன் கோயிலில் கொலு மண்டபத்தில் அம்மனே கொலுவிருப்பாள், தினம் ஓர் அலங்காரம். சின்னப் பிள்ளைகளோடு போவதென்றால் காலை நேரம் நல்லது. செல்போனை உள்ளே விடமாட்டார்கள், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

ஆயுத பூஜைக்கு மாவிலைத் தோரணம் அவர்கள் பொறுப்பு. இலையை நீளவாக்கில் மடித்துக் கயிற்றில் போட்டு ஈர்க்குச்சியால் குத்தினால் ஆயிற்று. குத்துவதை மட்டும் பெரியவர்கள் செய்யுங்கள். சைக்கிள், கத்தரிக்கோல், வண்ணப் பிரஷ், கிரிக்கெட் மட்டை எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைக்கச் சொல்லுங்கள். புத்தகங்கள் பூஜையில் இருப்பதால் படிக்கச் சொல்லக் கூடாது என்பது பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க ஞாபகம் இருக்கிற ஒரே சாஸ்திரம்.

விஜயதசமி அன்று பள்ளிக்கூடம் போகிற வயது வந்த பிள்ளை இருந்தால் தட்டில் பச்சரிசியைப் பரப்பி, விரலைப் பிடித்து 'அ' எழுதவையுங்கள். மடியில் உட்காரவைத்து எழுதினால் திமிறாது. ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் கொலுவைப் பிரிக்கலாம். பெரிய பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கட்டுவார் அப்பத்தா. கீழ்ப்படிச் சாமான்களுக்குத் தனியாக ஓர் அட்டைப்பெட்டி. பஸ், ஆட்டோ, கிண்ணங்கள், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் அதில் போகும். சுடாத மண் பொம்மைகளில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துவைத்துவிட்டு, மற்றதை ஒரு வாளித் தண்ணீரில் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். ஒரே நாளில் கரைந்துவிடும். தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, மண்ணை ஈரத்துணியில் கட்டி, பாலித்தீன் கவரில் போட்டுவையுங்கள். காய்ந்துவிட்டாலும் மறுபடி ஊறவைத்துப் பிசையலாம். திருக்கார்த்திகைக்கு அதில்தான் அகல் தட்டுவோம். சுடாத அகல் எண்ணெயைக் கொஞ்சம் குடிக்கும், அடியில் ஒரு பழைய தட்டு வைத்துக்கொண்டால் போதும்.