கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டியில் உள்ள சதவீதத்தை வாசிப்பது எப்படி?

சென்ற ஆண்டு எனக்கு ஹீமோகுளோபின் 10.1 என்று வந்தது. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால் இரத்தசோகை. மருத்துவர் எழுதிக் கொடுத்த இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டியதால் அவரிடம் சொல்லாமலே நிறுத்திவிட்டேன். அந்தச் சமயத்தில் தோழி அமெரிக்காவிலிருந்து வரும்போது ஒரு கார்ன்ஃப்ளேக்ஸ் பெட்டி கொண்டுவந்தாள். அதில் இரும்புச்சத்து 45% என்று போட்டிருந்தது. ஒரு நாளைத் தேவையில் பாதி காலையிலேயே உடம்பில் சேர்ந்துவிடுகிறது என்று நம்பி, தினமும் அதையே சாப்பிட்டேன். இரண்டு மாதம் கழித்துச் சோதித்தால் 9.8. அந்த 45 எங்கே போனது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டபோது தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை: பெட்டி, பேனா, சமையலறை டிஜிட்டல் தராசு. தராசு இல்லாதவர்கள் ஒன்று வாங்கிவிடுங்கள். கப் அளவை நான் நம்புவதில்லை. ஒரு கப் கார்ன்ஃப்ளேக்ஸ் சுமார் 30 கிராம் நிற்கும். அதே கப்பில் மியூஸ்லியை (ஓட்ஸ், கொட்டைகள், உலர்பழம் கலந்தது) கொட்டினால் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு வரும்.

படி 1: வெறும் கிண்ணத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். தினமும் போடுவது போலவே சீரியலை (கார்ன்ஃப்ளேக்ஸ் போன்ற காலை உணவுத் தானியம்) போட்டு எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பால் வேண்டாம். எனக்கு 28 கிராம் வந்தது. என் மகன் கிண்ணத்தில் 60.

படி 2: லேபிளில் மில்லிகிராமைத் தேடுங்கள். இந்தியப் பெட்டிகளில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று ஒரு பத்தி இருக்கும். அதை உங்கள் கிண்ணத்தின் எடையால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் போதும். அமெரிக்கப் பெட்டியில் பெரும்பாலும் ‘சர்விங்’ என்ற ஒரு வேளை அளவுக்குத்தான் கணக்கு இருக்கும். என் பெட்டியில் அது 40 கிராம், அதற்கு இரும்பு 8.1 மில்லிகிராம். நான் போட்டுக்கொண்டதோ 28 கிராம். ஆக எனக்குக் கிடைத்தது 5.7 மில்லிகிராம். முதல் ஓட்டை இங்கே.

படி 3: அந்தச் சதவீதம் யாருடைய தேவையில் சதவீதம்? நான் தவறியது இங்கேதான், ஆகவே பொறுமையாகப் படியுங்கள். அமெரிக்க லேபிள் ஒரு நாளைக்கு 18 மில்லிகிராம் இரும்பு போதும் என்று வைத்துக் கணக்கிடுகிறது. ஐரோப்பிய லேபிளுக்கு அது 14. நம் ஊரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில் ஆண்களுக்கு 19, பெண்களுக்கு 29. தானியமும் பருப்பும் மிகுந்த நம் உணவிலிருந்து இரும்பை உடல் குறைவாகவே உறிஞ்சுகிறது என்பது இந்த உயர்ந்த அளவுக்கு ஒரு காரணம்.

இப்போது அதே 8.1 மில்லிகிராமைப் பாருங்கள். அமெரிக்கப் பெட்டியில் 45%. ஐரோப்பியப் பெட்டியில் 58%. என்னைப் போன்ற இந்தியப் பெண்ணுக்கு 28%. என் கிண்ணத்தில் உண்மையில் இருந்த 5.7-ஐ எடுத்துக்கொண்டால் 20% கூட முழுதாக இல்லை. பெட்டியில் பொய் எதுவும் அச்சாகவில்லை. அது எனக்காகப் போட்ட கணக்கு இல்லை, அவ்வளவுதான். இந்தியப் பெட்டி என்றாலும் சதவீதத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் கீழே உள்ள சிறிய எழுத்தை வாசியுங்கள். யாருக்கான அளவு என்பது அங்கேதான் இருக்கும். சைவ உணவுக்காரர்கள் வைட்டமின் பி12-ஐயும் இப்படிப் பார்ப்பது நல்லது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராம் வேண்டும். தாவர உணவில் அது கிடைக்காது என்பதால், செறிவூட்டிய (சத்துகளைத் தனியாகச் சேர்த்த) சீரியல் உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இது.

படி 4: சர்க்கரை. சேர்மானப் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். குளுக்கோஸ் பாகு, இன்வர்ட் சிரப், தேன் எல்லாம் சர்க்கரையின் கணக்கில்தான் சேரும். மகனின் சாக்லேட் சீரியலில் 100 கிராமுக்கு 30 கிராம் சர்க்கரை; அவன் கிண்ணத்தில் 18 கிராம். இந்திய லேபிள் சேர்க்கப்பட்ட சர்க்கரைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் என்று வைத்துக் கணக்கிடுகிறது, அதுவும் 2000 கிலோ கலோரி சாப்பிடும் பெரியவருக்கு. அந்தப் பெட்டியை இப்போது வாங்குவதில்லை.

படி 5: இரும்பு எந்த வடிவில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘ரெட்யூஸ்டு அயர்ன்’ என்றால் நுண்ணிய இரும்புத் தூள். உடல் அதை மெதுவாகவும் குறைவாகவும் எடுத்துக்கொள்ளும். ‘ஃபெரஸ் ஃப்யூமரேட்’ என்ற இரும்பு உப்பு இருந்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். எந்த வடிவமானாலும் கூடவே காபி, டீ வேண்டாம். நான் அந்த இரண்டு மாதமும் சீரியல் முடிந்த கையோடு காபி குடித்துக்கொண்டிருந்தேன். இப்போது காபியை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிட்டு, கொய்யாவோ நெல்லிக்காயோ சாப்பிடுகிறேன். வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். மருத்துவரிடம் திரும்பப் போய் வேறு மாத்திரையும் வாங்கிக்கொண்டேன். இரத்தசோகையைச் சீரியலால் மட்டும் சரிசெய்ய முயலாதீர்கள்.

பின்சேர்க்கை 1: கால்சியம் மிக அதிகமாக வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். அவர் பார்த்தது ‘பாலுடன்’ என்ற பத்தி. அந்தக் கால்சியமும் புரதத்தில் பெரும்பகுதியும் பாலிலிருந்து வருபவை. ‘பால் இல்லாமல்’ பத்தியை மட்டும் எடுங்கள். சாப்பிட்ட பின் கிண்ணத்தில் மிஞ்சும் பாலைக் கொட்ட வேண்டாம். சூட்டைத் தாங்காத வைட்டமின்களைச் செதில்களின் மேல் தெளித்தே சேர்ப்பார்கள், அதில் கொஞ்சம் பாலில் கரைந்திருக்கும்.

பின்சேர்க்கை 2: சீரியலில் காந்தம் வைத்தால் கருந்துகள் ஒட்டுகிறது, இது கலப்படமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை. அது படி 5-இல் சொன்ன உணவுத்தர இரும்புத் தூள். வயிற்று அமிலத்தில் கரையும். செய்து பார்க்க விரும்பினால் ஒரு கைப்பிடியை மாவாகப் பொடித்து, தண்ணீருடன் ஜிப் கவரில் போட்டு, வெளியிலிருந்து வலுவான காந்தத்தால் மெதுவாகத் தடவுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம் போதாது. ஃபெரஸ் ஃப்யூமரேட் சேர்த்த பெட்டியில் எதுவும் ஒட்டாது. அதனால் இரும்பே இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.