அலாரத்தை மட்டும் மாற்றினால் போதாது: ஓடுகிறவர்களும் விளையாடுகிறவர்களும் தூக்க விஷயத்தில் செய்யும் தவறுகள்

பெரிய தவறிலிருந்தே தொடங்கலாம். உடற்பயிற்சி செய்வது என்று முடிவெடுத்தவர் ஆறு மணி அலாரத்தை நாலரைக்கு மாற்றிவிடுவார், படுக்கும் நேரத்தை மட்டும் தொடமாட்டார். இரவு பதினொன்றரை வரை அதே சீரியல், அதே வாட்ஸ்அப் குரூப், அதே ஆபீஸ் கால். தினமும் ஒன்றரை மணி நேரத் தூக்கம் காணாமல் போகிறது. முதல் இரண்டு வாரம் உற்சாகத்திலேயே ஓடிவிடலாம் என்பதால் அதை யாரும் தேடுவதும் இல்லை. அப்புறம் கால் கனக்கும், சளி பிடிக்கும், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வரும், "மோட்டிவேஷன் போயிடுச்சு" என்பார்கள். தூக்கம் போனதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

சரி, சீக்கிரம் படுத்தால் தீர்ந்துவிடுமா என்றால் அதுவும் அவ்வளவு சுலபமில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தயாரான ஆஸ்திரேலிய நீச்சல் வீரர்களை 14 நாள் கவனித்த ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. காலை 6 மணிக்குப் பயிற்சி இருந்தால் முந்தைய இரவு பத்து மணிவாக்கில் படுத்துவிடுவார்கள், ஆனாலும் சராசரியாகத் தூங்கியது 5.4 மணி நேரம்தான். மறுநாள் ஓய்வு என்றால் 7.1 மணி நேரம். ஒலிம்பிக் தரத்தில் நீந்துகிறவர்களுக்கே இந்தக் கதி.

காரணம் உடல் கடிகாரம். நாம் வழக்கமாகத் தூங்கப் போகும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் அது நம்மை நன்றாகவே விழிப்பில் வைத்திருக்கும். பன்னிரண்டு மணிக்குத் தூங்கிப் பழகியவர் திடீரென்று ஒன்பதரைக்கு விளக்கை அணைத்தால் புரண்டு புரண்டு படுப்பதுதான் நடக்கும், அதோடு படுக்கை என்றாலே எரிச்சல் என்றும் மனதில் பதிந்துவிடும். எனவே படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் வீட்டு விளக்குகளைக் குறையுங்கள், காலையில் ஓடி முடித்ததும் கொஞ்ச நேரம் வெளிச்சத்தில் இருங்கள். உடல் கடிகாரம் நகர்வது பெரும்பாலும் இந்த வெளிச்சத்தை வைத்துத்தான். சென்னைக்காரர்களுக்கு இன்னொன்று: ஏப்ரல், மே வெயிலில் விடியும் முன்பே ஓடியாக வேண்டும் என்பது நியாயம். டிசம்பரிலும் ஜனவரியிலும் அதே நாலரை அலாரம் எதற்கு? ஆறு மணிக்குக் கிளம்பினாலும் ஒன்றும் கருகிவிடமாட்டீர்கள்.

ஞாயிறு பத்து மணிவரை தூங்கி வாரக் கடனை அடைப்பதும் இதோடு சேர்ந்ததுதான். கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்குங்கள், தப்பில்லை. மூன்று நான்கு மணி நேரம் என்றால் ஞாயிறு இரவு தூக்கம் வராது, திங்கள் காலை பழைய கதை தொடங்கும்.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. காலை ஐந்தரைக்கு அகாடமி, அப்புறம் பள்ளி, மாலை மறுபடி பயிற்சி, அது முடிந்து டியூஷன், வீட்டுப்பாடம். 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் பரிந்துரை. இந்த அட்டவணையில் எட்டு மணி நேரம் எங்கிருந்து வரும்? 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், விளையாட்டில் இருக்கும் பள்ளி மாணவர்களில் 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.7 மடங்கு இருந்தது. தூக்கக் குறைவுதான் காயத்துக்குக் காரணம் என்று இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது இரவின் முற்பகுதியில் வரும் ஆழ்ந்த தூக்கத்தில்தான், வளரும் பிள்ளையின் அந்தத் தூக்கத்தோடு விளையாடாமல் இருப்பது நல்லது. வாரத்தில் இரண்டு காலைப் பயிற்சியைக் குறைக்கச் சொல்லி கோச்சிடம் கேளுங்கள். நல்ல கோச் என்றால் கோபித்துக்கொள்ளமாட்டார்.

இப்போது எதிர்ப்பக்கம், இரவு ஆட்டக்காரர்கள். செயற்கைப் புல் போட்ட டர்ஃப் மைதானங்கள் வந்த பிறகு ஊருக்கு ஊர் இரவு பத்து மணி ஸ்லாட் வாடிக்கையாகிவிட்டது. பகல் மாதிரி வெளிச்சம், கடைசி ஓவர் வரை கத்தல், பதினொன்றரைக்கு நேராகக் கொத்து பரோட்டா, பன்னிரண்டரைக்குப் படுத்து "ஏன் தூக்கம் வரல?" என்று கேட்பது. மாலையில் உடற்பயிற்சி செய்தாலே தூக்கம் கெடும் என்று பலர் நம்புகிறார்கள், அது சரியில்லை. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட அலசலில், மாலைப் பயிற்சி பொதுவாகத் தூக்கத்தைக் கெடுக்கவில்லை என்றே தெரிந்தது. தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரத்துக்குள் முடியும் கடுமையான பயிற்சிதான் விதிவிலக்கு. ஆகவே முடிந்தால் எட்டு மணி ஸ்லாட்டைப் பிடியுங்கள். பத்து மணிதான் கிடைக்கிறது என்றால் வாரத்துக்கு ஒருநாளோடு நிறுத்துங்கள், மறுநாள் காலை ஓட்டத்தைத் தைரியமாக ரத்து செய்யுங்கள். இரண்டையும் செய்வேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள்தான் தசைப்பிடிப்போடு உட்காருகிறார்கள்.

ஆட்டம் முடிந்ததும் உடம்பைக் குளிரவைக்கிறேன் என்று ஐஸ் தண்ணீரில் குளிக்க வேண்டியதில்லை. தூக்கம் வர உடம்பின் உட்சூடு இறங்க வேண்டும். வெந்நீரில் குளித்தால் கை, கால், தோல் பக்கம் ரத்த ஓட்டம் கூடி, உள்ளே இருக்கும் சூடு வெளியேறுகிறது. படுப்பதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்னால் 40 டிகிரியை ஒட்டிய நீரில் பத்து நிமிடம் போதும். (மே மாதத்தில் கீசரே வேண்டாம், மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே அந்தச் சூட்டில்தான் வரும்.) சாப்பாட்டிலும் இரண்டு கோடியிலும் தவறு நடக்கிறது. சிலர் வயிறு முட்டச் சாப்பிட்டு நெஞ்செரிச்சலோடு படுக்கிறார்கள், சிலர் எடை குறைய வேண்டும் என்று வெறும் வயிற்றோடு படுத்து மூன்று மணிக்குப் பசியில் விழிக்கிறார்கள். இரண்டு இட்லி, முட்டை, தயிர்சாதம், ஒரு டம்ளர் பால், இப்படி ஏதாவது இருந்தால் போதும்.

காபி விஷயத்துக்கு வருவோம். "நான் காபி குடிச்சிட்டே தூங்குவேன்" என்று பெருமை பேசும் நண்பர் இல்லாதவர் யாரும் இருக்கமாட்டார்கள். தூங்கிப்போவது வேறு, எவ்வளவு தூங்கினோம் என்பது வேறு. 2013இல் வந்த ஓர் ஆய்வில் படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் கொடுத்தார்கள். கருவி அளந்தபோது தூக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் குறைந்திருந்தது. தூங்கியவர்கள் எழுதிய குறிப்பில் அந்த அளவுக்கு இழப்பு தெரியவில்லை. அதாவது உங்கள் உணர்வை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. ஒரு டம்ளர் காபியில் இவ்வளவு காஃபீன் இருக்காது, உண்மைதான். ஆனால் மாலை ஏழு மணி ஜிம்முக்கு முன் கலக்கிக் குடிக்கும் ப்ரீ-ஒர்க்அவுட் பவுடரின் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், ஒரு ஸ்கூப்பில் 200 மில்லிகிராமும் அதற்கு மேலும் போட்டிருப்பது சர்வசாதாரணம். மதியம் வரை காபி, டீ, அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. மாலையில் அந்தப் பவுடர் இல்லாமல் வெயிட் தூக்கவே முடியவில்லை என்றால், அன்றைக்கு உங்களுக்குத் தேவை ஜிம் இல்லை.

மேட்ச் ஜெயித்த இரவு பீர் குடித்தால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்பார்கள். வரும், பின்னிரவில் துண்டு துண்டாக உடைந்தும் போகும். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

மாரத்தானுக்கோ டோர்னமென்ட்டுக்கோ முந்தைய இரவு தூக்கம் வராமல் பதறுவது இன்னொரு தவறு. முக்கியமான போட்டிக்கு முன் சரியாகத் தூங்காதவர்கள் உங்களைப் போல நிறைய பேர் இருக்கிறார்கள், அந்த ஒரு இரவால் ஓட்டம் பாழாகிவிடுவது அபூர்வம். அதற்கு முந்தைய ஏழெட்டு இரவுகள்தான் கணக்கு. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரை, 5 முதல் 7 வாரம், இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். ஓட்டப் பரிசோதனை நேரம் 16.2 விநாடியிலிருந்து 15.5 ஆகக் குறைந்தது, ஃப்ரீ த்ரோவில் (யாரும் தடுக்காமல் கூடைக்குள் எறிவதில்) துல்லியம் 9 சதவீதம் கூடியது. 2011இல் வெளியான இந்த ஆய்வு சின்னது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை, எனவே எண்களை அப்படியே விழுங்க வேண்டாம். ஆனாலும் போட்டி வாரத்தில் தினமும் அரை மணி நேரம் கூடுதலாகப் படுப்பதற்கு என்ன செலவு? பதற்றத்தில் பழக்கமில்லாத தூக்க மாத்திரையைப் போட்டிக்கு முந்தைய இரவு முதல்முறையாகப் போட்டுப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள், காலையில் தலை மந்தமாக இருக்கும்.

இரவு குறைந்துவிட்டால் மதியம் கோழித்தூக்கம் போடலாம், அது சோம்பேறித்தனம் இல்லை. இருபது முப்பது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள், மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். ஒரு மணி நேரம் ஆழ்ந்து தூங்கி எழுந்த உடனே மைதானத்துக்கு ஓடினால் அரைமணி நேரம் பந்து எங்கே என்றே தெரியாது.

ஸ்மார்ட் வாட்ச் கொடுக்கும் மார்க்கை நம்பி நாளைத் தொடங்குவதையும் விட்டுவிடலாம். மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதை அது ஓரளவு சரியாகச் சொல்லும், ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம் என்பதையெல்லாம் கொஞ்சம் தள்ளிவைத்தே பாருங்கள். நன்றாக எழுந்தவர் மார்க்கைப் பார்த்துச் சோர்ந்துபோவது வேடிக்கைதான்.

சிலருக்கு இதையெல்லாம் சரிசெய்தும் தூக்கம் சரியாகாது. சத்தமாகக் குறட்டை, நடுவில் மூச்சு நிற்பதாக வீட்டில் சொல்கிறார்கள், எட்டு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்குகிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். "நான்தான் ஃபிட்டா இருக்கேனே" என்று தள்ளிப்போடாதீர்கள், கழுத்து தடித்த, கட்டுமஸ்தான ஆட்களுக்கும் மூச்சுத் தடைப் பிரச்சினை வருகிறது. படுத்தால் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா? இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், பரிசோதனை எடுங்கள், நீண்ட தூரம் ஓடும் பெண்கள் முக்கியமாக. உடம்பு அடித்துப்போட்டது போல இருந்தும் தூக்கம் வராமல், காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பல நாள் இருந்தால் பயிற்சி மிஞ்சிப்போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள், வேகப் பயிற்சியை நிறுத்துங்கள், சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.