செல்போனோ டேபோ வாங்குமுன்: இயங்குதளத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

மதுரை டவுன்ஹால் ரோட்டிலோ பெரியார் பேருந்து நிலையத்தைச் சுற்றியோ உள்ள செல்போன் கடைகளுக்குள் நுழைந்தால், விற்பனையாளர் கேமராவின் மெகாபிக்சலையும் ரேமின் அளவையும் மாதத் தவணையையும் மூச்சுவிடாமல் சொல்வார். அந்தப் போனில் எந்த இயங்குதளம் (போனை இயக்கும் அடிப்படை மென்பொருள்) இருக்கிறது, அது எத்தனையாவது பதிப்பு, அதற்கு இன்னும் எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு வரும் என்பதையெல்லாம் நாமாகக் கேட்டால்தான் சொல்வார்கள். சில கடைகளில் கேட்டாலும் விடை கிடைக்காது. ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து அந்தப் போன் கையில் இருக்குமா, பீரோவுக்குள் போய்விடுமா என்பதைப் பெரும்பாலும் இந்த விவரங்களே முடிவு செய்கின்றன. ஆகவே கடைக்குப் போகும் முன்பே வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது.

இன்று கடையில் ஒப்பிடத்தக்கவை உண்மையில் இரண்டே இயங்குதளங்கள்தாம். ஒன்று கூகுளின் ஆண்ட்ராய்டு. அது 2008இல் முதல் போனில் வெளிவந்தது. மற்றொன்று ஆப்பிளின் ஐஓஎஸ்; 2007இல் வந்த முதல் ஐபோனிலிருந்து தொடங்கிய இதன் ஐபேடு வடிவம் 2019 முதல் ஐபேட்ஓஎஸ் என்ற தனிப் பெயரில் வழங்கப்படுகிறது. ஒரு காலத்தில் விண்டோஸ் போனும் பிளாக்பெரியும் இருந்தன. ஜியோபோனில் கைஓஎஸ் வந்தது. வாட்ஸ்அப் போன்ற அன்றாடச் செயலிகள் ஒவ்வொன்றாக விலகியபோது அவற்றின் பயனும் குறைந்துபோனது. சென்னை ஐஐடியின் அரவணைப்பில் உருவான ஒரு நிறுவனம் 2023இல் அறிவித்த பார்ஓஎஸ் என்னும் இயங்குதளமும் ஆண்ட்ராய்டின் திறந்த மூல நிரலை (யாரும் எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய நிரலை) அடிப்படையாகக் கொண்டதே. ஆனால் சாதாரண வாடிக்கையாளர் கடையில் கேட்டு வாங்கக்கூடிய போனாக அது வரவில்லை.

புதுப்பிப்புக் காலம்

மருந்துக் கடையில் அட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குகிறவர்கள், அதைப்போல் நூறு மடங்கு விலையுள்ள போனுக்கு அந்தத் தேதியைப் பார்ப்பதில்லை. போனுக்கும் அப்படியொரு தேதி உண்டு. அது பெட்டியின் மீது அச்சிடப்பட்டிருக்காது என்பதுதான் வேறுபாடு. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன போனில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படாமலே கிடக்கும். அதற்கும் மேலாக, செயலிகளே பழைய பதிப்புகளை விட்டுச் சென்றுவிடும். கூகுள் குரோம் உலாவியின் புதிய பதிப்புகளுக்கு 2025 முதல் ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு தேவைப்படுகிறது. அதே ஆண்டில் வாட்ஸ்அப், ஐபோன்களில் ஐஓஎஸ் 15.1க்குக் கீழே உள்ளவற்றைக் கைவிட்டது. வங்கிச் செயலிகளும் இதே வழியில் செல்கின்றன.

எனவே மாடலின் பெயரை இணையத்தில் தேடி, அதன் தயாரிப்பாளர் இரண்டு விஷயங்களில் என்ன உறுதி தந்திருக்கிறார் என்று பாருங்கள்: எத்தனை புதிய பதிப்புகள் வரும் என்பது ஒன்று, எத்தனை ஆண்டுகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பது மற்றொன்று. கூகுள் பிக்சல் 8 முதலும் சாம்சங் கேலக்ஸி எஸ்24 முதலும் இந்த விலையுயர்ந்த வரிசைகளுக்கு 7 ஆண்டுகள் அறிவிக்கப்பட்டுள்ளன. நடுத்தர விலையிலுள்ள கேலக்ஸி ஏ16 போனுக்கே 6 ஆண்டுகள் அறிவிக்கப்பட்டபோது, விலை குறைந்த போனுக்கு நீண்ட ஆதரவு கட்டுப்படியாகாது என்ற வாதம் வலுவிழந்துவிட்டது என்றே சொல்லவேண்டும். இதற்கு மாறாக, குறைந்த விலைப் போன்கள் பலவற்றுக்கு ஓரிரு பதிப்புகளும் இரண்டு மூன்று ஆண்டுப் பாதுகாப்பும்தான் கிடைக்கின்றன. ஆப்பிள் நீண்ட காலம் ஆதரவளிப்பதை நடைமுறையிலேயே காட்டியிருக்கிறது: 2018இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ், 2024இன் ஐஓஎஸ் 18 வரை ஒவ்வொரு பதிப்பையும் பெற்று, 2025இல் வந்த பதிப்பில்தான் விடுபட்டது. அந்த 2025ஆம் ஆண்டுப் பதிப்பின் பெயர் ஐஓஎஸ் 26. ஆப்பிள் எண்ணிடும் முறையை மாற்றியதால் 18க்குப் பின் நேரே 26 வந்தது. ஆகவே 18 உள்ள போனை யாராவது எட்டுப் பதிப்பு பின்தங்கியது என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

இங்கே பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. இந்த ஆண்டுக்கணக்கு, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகிறது. நீங்கள் பில் போட்ட நாளிலிருந்து அல்ல. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளித் தள்ளுபடியிலும் பாதி விலைக்கு வருபவை பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்கு முந்தைய மாடல்கள். நான்கு ஆண்டு ஆதரவுள்ள மாடல் வெளிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தால், உங்களுக்கு மிஞ்சுவது இரண்டே ஆண்டுகள். விலையை மிஞ்சிய ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். ₹12,000 போனுக்கு இரண்டு ஆண்டுகள் மிஞ்சினால் ஆண்டுக்கு ₹6,000 ஆகிறது. ₹18,000 போனுக்கு ஆறு ஆண்டுகள் மிஞ்சினால் ஆண்டுக்கு ₹3,000தான். ₹60,000 ஐபோனுக்கு ஆறு ஆண்டுகள் மிஞ்சினால் ஆண்டுக்கு ₹10,000 ஆகிறது. ஆனால் ஐபோனைப் பழையதாக விற்கும்போது ஆண்ட்ராய்டு போன்களை விடக் கூடுதல் விலை கிடைப்பதையும் அந்தக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டும்.

ஆண்ட்ராய்டு என்ற ஒரே பெயருக்குள்

ஐபோன் எதை வாங்கினாலும் உள்ளே இருப்பது ஒரே ஐஓஎஸ். ஆண்ட்ராய்டு அப்படியன்று. சாம்சங்கின் ஒன் யுஐ, ஷாவ்மியின் ஹைப்பர்ஓஎஸ், ஓப்போவின் கலர்ஓஎஸ் என ஒவ்வொரு தயாரிப்பாளரும் கூகுள் தந்ததன் மீது தம் மேலுறையைப் போர்த்தியே விற்கிறார்கள். அமைப்புப் பட்டியலின் வரிசை, பின்னணியில் ஓடும் செயலிகளை நிறுத்தும் விதம், முன்கூட்டியே ஏற்றிவைத்த செயலிகள், சிலவற்றில் அறிவிப்புப் பட்டையில் வந்து விழும் விளம்பரங்கள் ஆகிய அனைத்தும் இந்த மேலுறையைப் பொறுத்தவை. ஆகவே ஆண்ட்ராய்டு நன்றாக இல்லை என்று ஒருவர் சொன்னால், எந்த நிறுவனத்தின் எந்த மாடலை வைத்திருந்தார் என்று கேட்ட பிறகே அந்தக் கருத்தை ஏற்க வேண்டும்.

கடையில் காட்சிக்கு வைத்துள்ள போனைக் கையில் வாங்கி, செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே ஆண்ட்ராய்டின் பதிப்பெண்ணும் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதியும் இருக்கும். அந்தத் தேதி பல மாதங்களுக்கு முந்தையதாக இருந்து, அப்டேட் தேடினாலும் புதிதாக எதுவும் வரவில்லை என்றால், அந்தத் தயாரிப்பாளரின் ஒழுங்கு அதிலேயே தெரிந்துவிடும். அடுத்ததாக ஸ்டோரேஜ் பகுதியைப் பாருங்கள். ஒரு படம்கூட எடுக்காத நிலையிலேயே இயங்குதளமும் உடன் வந்த செயலிகளும் எவ்வளவு இடத்தை விழுங்கியுள்ளன என்பது அங்கே தெரியும். ரேம் குறைந்த போன்களுக்காகக் கூகுள் ஆண்ட்ராய்டு கோ என்ற எளிய வடிவத்தை வைத்திருக்கிறது. அழைப்பும் வாட்ஸ்அப்பும் மட்டும் போதும் என்பவருக்கு அது பொருந்தும், பிள்ளைகளின் பாடக் காணொளிகளுக்கும் அதையே நம்புவது சரியாகாது.

தமிழைப் பொறுத்தவரை, சில ஆண்டுகளுக்கு முன்வரை இருந்த இடைவெளி இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் அமைப்புகள் முழுவதையும் தமிழில் வைத்துக்கொள்ளும் வசதி 2014இன் ஆண்ட்ராய்டு 5 காலத்திலிருந்தே உண்டு. ஐபோனில் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் 2013இன் ஐஓஎஸ் 7 முதல் உள்ளேயே வந்துவிட்டன. முழு அமைப்பையும் தமிழுக்கு மாற்றும் வசதி 2025இல்தான் சேர்ந்தது. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரியாத ஒருவருக்காக வாங்கினால், கடையிலேயே மொழியைத் தமிழுக்கு மாற்றி, அவரையே ஒரு எண்ணைச் சேமித்து அழைக்கச் சொல்லிப் பாருங்கள். தட்டச்சுக்குப் பதிலாகப் பேசியே செய்தி அனுப்ப விரும்புவோருக்குக் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழ்க் குரல் உள்ளீடு இருப்பது ஆண்ட்ராய்டுக்கு நல்ல பலம். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த வேர்டு கோப்புகள் மட்டும் இரண்டிலும் ஒழுங்காகத் தெரியாது. அனுப்புகிறவரிடம் பிடிஎஃப் ஆகக் கேட்டு வாங்குவதே வழி.

பாதுகாப்பில்தான் இரண்டு இயங்குதளங்களும் பெரிதும் வேறுபடுகின்றன. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்தும் ஏபிகே கோப்பாகச் செயலியை நிறுவலாம். இந்தியாவில் ஐபோனுக்கு ஆப் ஸ்டோர் ஒன்றே வாயில். ஆண்ட்ராய்டின் இந்தச் சுதந்திரம் தெரிந்தவருக்கு வசதி. ஆனால் கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதச் சலான், பிஎம் கிசான் தவணை என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் போலி ஏபிகேக்கள் போனிலுள்ள குறுஞ்செய்திகளைப் படித்து ஓடிபியைத் திருடி வங்கிக் கணக்கைக் காலி செய்வது இந்த வழியாகத்தான். மேலூரிலோ உசிலம்பட்டியிலோ தனியாக இருக்கும் பெற்றோருக்கு வாங்கித் தருவோர் இதை முக்கியமாக எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்காக ஐபோனே வாங்கவேண்டும் என்பதில்லை. ஆண்ட்ராய்டில் ‘அறியாத செயலிகளை நிறுவும்’ அனுமதியை வாட்ஸ்அப், குரோம், கோப்பு மேலாளர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே முடக்கிவைத்து, தீய செயலிகளைச் சோதிக்கும் கூகுளின் பிளே புரொடெக்ட் இயங்குகிறதா என்று சரிபார்த்து, அந்த அனுமதியை யார் கேட்டாலும் தரக்கூடாது என்று அவர்களிடம் சொல்லிவைத்தால் பெரும்பகுதி ஆபத்து நீங்கும்.

பிள்ளைகளின் போனைக் கண்காணிக்க ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்கும் ஐபோனில் ஸ்கிரீன் டைமும் உள்ளன. பிள்ளையின் ஸ்கிரீன் டைமைத் தம் சாதனத்திலிருந்து நிர்வகிக்கப் பெற்றோரிடமும் ஆப்பிள் சாதனம் இருக்க வேண்டும்; ஃபேமிலி லிங்கைப் பெற்றோர் ஐபோனிலிருந்தும் பயன்படுத்தலாம்.

தொழிலுக்காக வாங்குவோரின் கணக்கு வேறு. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் கடை வைத்திருப்பவருக்கு வியாபார எண் ஒன்று, வீட்டு எண் ஒன்று என இரண்டு சிம் தவிர்க்க முடியாதவை. இந்தியாவில் விற்கும் ஐபோன்கள் பெரும்பாலானவற்றில் ஒரு சிம் அட்டைக்கே இடம் உண்டு. இரண்டாவது எண்ணை இ-சிம்மாக (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்மாக) மாற்றிக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் இரண்டு சிம் அட்டைகளையும் அப்படியே செருகிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பும் 2023 முதல் அங்கே ஒரே செயலிக்குள் இரண்டு கணக்குகளை ஏற்கிறது. பழுதுபார்ப்பையும் இதனுடன் சேர்த்து யோசிக்கலாம். வாடிப்பட்டி, திருமங்கலம் போன்ற ஊர்களில் தெருமுனைக் கடையிலேயே ஆண்ட்ராய்டு போனின் திரையை மாற்றிவிடுவார்கள். ஐபோனில் அசல் அல்லாத திரையைப் பொருத்தினால், அந்தப் பாகத்தை உறுதிசெய்ய முடியவில்லை என்று இயங்குதளமே அறிவிக்கும்; பிறகு விற்கும்போது அது விலையைக் குறைக்கும்.

வெயிலையும் சொல்லாமல் விட முடியாது. ஆப்பிள் தன் சாதனங்களை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது. சித்திரை மாத மதுரை அந்த வரம்புக்குள் அடங்குவதில்லை. வண்டியின் முன்புறம் போனை மாட்டி வழி பார்த்துக்கொண்டே செல்லும் விநியோகப் பணியாளர், எந்த இயங்குதளத்தை வாங்கினாலும் நண்பகலில் அது திரையை மங்கச் செய்து வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் என்பதை எதிர்பார்த்தே வாங்க வேண்டும்.

டேப் வாங்கும்போது

போனில் ஆண்ட்ராய்டைப் பரிந்துரைக்கிறவர்கள்கூட டேபில் ஐபேடைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரிய திரைக்கென்றே எழுதப்பட்ட செயலிகள் ஐபேடில் அதிகம். ஆண்ட்ராய்டு டேபில் பல செயலிகள் போனின் திரையையே இழுத்து அகலமாக்கியதுபோல் தோன்றும். புதுநத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் அமர்ந்து போட்டித் தேர்வுக்குப் படிப்போர், பிடிஎஃப் பக்கத்தின் மீதே பேனாவால் குறிப்பெழுத விரும்பினால், பேனாவின் விலையையும் சேர்த்து ஒப்பிட வேண்டும்: ஆப்பிள் பென்சிலைத் தனியாக வாங்க வேண்டும், சாம்சங்கின் சில டேப்களில் எஸ் பென் பெட்டியிலேயே வருகிறது. மறுபுறம், ஐபேட் ஒருவருக்கான சாதனமாகவே அமைக்கப்பட்டது. ஆண்ட்ராய்டு டேப்கள் பலவற்றில் அண்ணனுக்கும் தங்கைக்கும் தனித்தனிப் பயனர் கணக்கு வைக்கலாம். சிம் போடும் ஐபேடிலும் சாதாரணத் தொலைபேசி அழைப்பு செய்ய முடியாது. யுபிஐ செயலிகள் சிம்மிலிருந்து குறுஞ்செய்தி அனுப்பியே எண்ணை உறுதிசெய்வதால், டேபை மட்டும் வைத்துக்கொண்டு போனை விட்டுவிடலாம் என்ற எண்ணம் நடைமுறைக்கு ஒத்துவராது.

செகண்ட் ஹேண்ட் வாங்குவோர் விற்பவர் எதிரிலேயே சில சோதனைகளைச் செய்ய வேண்டும். *#06# அழுத்தி, போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐயைப் பெற்று, கேஒய்எம் (KYM) என்பதை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதி, ஓர் இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது முடக்கப்பட்ட போனா என்பது தெரியும். பிறகு பழைய உரிமையாளரின் கூகுள் கணக்கு அல்லது ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டதா என்று பாருங்கள். இரண்டு இயங்குதளங்களும், பழைய கணக்கின் கடவுச்சொல் இல்லாமல் போனைத் திறக்கவிடாத பூட்டைக் கொண்டிருக்கின்றன.

ஒரு இயங்குதளத்திலிருந்து மற்றதற்கு மாறுவோருக்கு வாட்ஸ்அப்பே பெரிய சிக்கல். ஆண்ட்ராய்டின் காப்புப்பிரதி கூகுள் கணக்கிலும், ஐபோனுடையது ஆப்பிளின் இணையச் சேமிப்பிடமான ஐகிளவுடிலும் சேர்கின்றன. ஒன்றை மற்றது படிக்காது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாற ‘மூவ் டு ஐஓஎஸ்’ செயலியை, புதிய ஐபோனை முதன்முதலாக அமைக்கும்போதே பயன்படுத்த வேண்டும். ஐபோனைப் பயன்படுத்தத் தொடங்கிய பின் நினைவு வந்தால் அதை முழுவதும் அழித்துவிட்டுத் திரும்பத் தொடங்க நேரும். படங்களுக்கான இலவச இடமும் வேறுபடுகிறது: கூகுள் 15 ஜிபி தருகிறது, ஐகிளவுட் 5 ஜிபி தருகிறது. புதிய போனில் சிம்மைப் போட்டு, வங்கிச் செயலிகளையும் யுபிஐயையும் பதிவு செய்து, ஒரு சிறு தொகையை அனுப்பிச் சரிபார்க்கும் வரை பழைய போனைக் கடைக்காரரிடம் எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுக்க வேண்டாம். கொடுக்கும்போது கணக்கிலிருந்து வெளியேறி, ‘ஃபேக்டரி ரீசெட்’ செய்து, மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள்.