கோவை ஏர்போர்ட்டில் இறங்கி ரயிலில் குன்னூர் வர

தம்பி, ஏர்போர்ட் வாசலிலேயே ரயில் கிடையாது. அவிநாசி ரோட்டுக்கு வந்து, ரயில் நிலையம் போகும் டவுன் பஸ் ஏறு. ஜங்ஷனில் மேட்டுப்பாளையம் போகும் மெமுவுக்கு (குறுகிய தூர மின்சார ரயில்) டிக்கெட் எடு, முன்பதிவு வேண்டாம். துடியலூர், பெரியநாயக்கன்பாளையம், காரமடை தாண்டி ஒரு மணி நேரத்தில் சேர்த்துவிடும். பெட்டியும் குழந்தையுமாக வருகிறவர்களுக்கு இதைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயிலுக்கு அன்றைக்கே ஆசைப்படாதே. அது காலை 7.10க்குக் கிளம்பும். சீட்டை முன்கூட்டியே பதிவு செய்து, முந்தின இரவு மேட்டுப்பாளையத்தில் தங்கு. கல்லாறு தாண்டியதும் தண்டவாள நடுவிலுள்ள பற்கள் கொண்ட சட்டத்தைப் பற்றிக்கொண்டு நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்ட வேண்டும்.

இடம் கிடைக்காவிட்டால் குன்னூர் பஸ் இருக்கிறது. ஸ்வெட்டரைப் பெட்டியின் அடியில் வைக்காதே.